விசாரித்ததாகச் சொல்லவும்

பிப்ரவரி 9

அண்ணி அவர்களுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுத எடுத்த பேனா முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா போனபோது உங்கள் கணவரோடு பேச்சை நிறுத்தினேன். ஐந்து வருஷம் ஆகிறது. இந்தக் கடிதம் சமாதானத்துக்கு அல்ல. எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று போன செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். இருபதாம் தேதி ஆபரேஷன். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். குடலை ஒரு கேள்விக்குறி மாதிரி வரைந்து, அதன் வளைவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

"கூடப் பிறந்தவங்க யாருக்காவது குடல்ல ஏதாவது இருந்திருக்கா?"

"எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஒருத்தர் இருக்கார்" என்றேன். அவள் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் கணவருக்குக் குடலில் ஏதோ சதையை எடுத்தார்கள் என்று நீங்கள் சொன்ன ஞாபகம். அது என்ன, எத்தனை, அப்போது அவருக்கு என்ன வயது என்பது தெரிய வேண்டும். போன் செய்திருக்கலாம். அவரே எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. அதே நீச்சல் குளத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் 'தண்ணி டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டுப் பதறிப்போய் ஒரு தகப்பனார் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

பதில் இரண்டு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 18

அன்புள்ள வாத்துக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பேரில் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயில் இதுதான் வருகிறது.

முதலில் நீ கேட்டது. மூன்று சதை முளைகள். நாற்பத்தொரு வயது. மூன்றுமே கெட்டதாக மாறவில்லை என்றார்கள். மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள், அவர் போகவில்லை. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து நகல் வைத்திருக்கிறேன். நீ கேட்ட இரண்டு வரி முடிந்தது. இனி எழுதப்போவது நீ கேட்காதது, பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று பதினொரு பேர் காது பார்த்துக்கொள்ள வந்திருந்தார்கள். என் வேலை உனக்குத் தெரியும். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மத்தியானம் எல்லாரும் போன பிறகு நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் கடிதத்தை மூன்றாம் தடவை படித்தேன். அந்த அறையில் வெளிச் சத்தம் எதுவும் வராது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் நம் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். தூரத்தில் கடல் இருக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கடலோரத்தில் உட்கார்ந்து அழுதேன். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது, அதற்குத்தானே அவ்வளவு பஞ்சு.

உன் அண்ணன் மிகவும் விசாரித்தார்.

என்மேல் கோபம் இல்லையென்றால் எழுது. இருந்தாலும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் படித்தேன். குளத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் எடுத்துவந்து கொடுத்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். சாய்ந்து உட்கார்ந்தால் எழுத முடிகிறது. சிரித்தால்தான் தையல் இழுக்கிறது. நல்ல வேளையாகச் சிரிக்கவைக்க இங்கே யாரும் இல்லை.

ஒரு சாண் குடலை எடுத்துவிட்டார்கள். ஒரு சாண் வயிற்றுக்குத்தானே இத்தனை பாடு என்பார்கள். எனக்கு ஒரு சாண் குறைந்துவிட்டது, பாடு குறையவில்லை. கூடவே எடுத்த பதினேழு நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் நோய் இருந்ததாம். அதனால் கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் பன்னிரண்டு தடவை.

கோபம் வருகிறது அண்ணி. தினமும் இரண்டு கிலோமீட்டர் நீந்துகிறவள் நான். புகை கிடையாது, குடி கிடையாது, தண்ணி டீச்சர் என்பது பேச்சுக்குத்தான். எதிர் வீட்டுக்காரர் மாடிப் படியில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறுகிறார், கையில் சிகரெட் வேறு. ஜன்னலில் இருந்து அவரைப் பார்க்கும்போது மனசு என்னென்னவோ சொல்கிறது. அதை எழுத முடியாது.

மயக்க மருந்து கொடுத்தபோது நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு வரை வந்தேன். தொண்ணூற்றைந்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா மேஜையில் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிராமல், "இதோ, முடிஞ்சிடும்" என்றார். கடிகாரத்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. கேட்பதற்குள் ஒரு நர்ஸ் கன்னத்தைத் தட்டினாள்.

முக்கியமான விஷயம். டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாள்: "உங்க அண்ணன் உடனே டெஸ்ட் எடுக்கணும். தள்ளிப் போடவே கூடாது." அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம், டாக்டர் சொன்னதாக.

நீங்கள் சௌக்கியமா? போன கடிதத்தில் அதைக் கேட்கவே இல்லை.

நாத்தனார்


ஏப்ரல் 2

அன்புள்ள வாத்துக்கு,

நான் சௌக்கியம். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் கொஞ்சம் மங்கல்.

இத்துடன் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். நிறம் கண்ணைக் குத்தும், கடையில் அதுதான் இருந்தது. உனக்குக் கொடுக்கப்போகிற மருந்தில் ஒன்று குளிர்ச்சியே தாங்கவிடாதாம். எங்களிடம் காது பார்க்க வந்த, இதே நோய்க்குக் கீமோ எடுத்த ஒரு அம்மா சொன்னார்.

இன்று ஒரு பெரியவர் வந்தார். நான் சத்தமே அனுப்பாதபோதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். இப்படி நிறையப் பேர் உண்டு. ஏமாற்ற அல்ல, கேட்கவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

டெஸ்ட் விஷயத்தைச் சொல்கிறேன். அவருக்கு இப்போது வெளியூர்ப் பாலங்களைப் பார்க்கிற வேலை அதிகம். உன் அண்ணன் மிகவும் விசாரித்தார்.

அதிகம் எழுத நேரமில்லை. மன்னித்துக்கொள்.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

கையுறைக்குக் கோடி நன்றி. வாங்கும்போது இது எதற்கு என்று சிரித்தேன். இப்போது அதில்லாமல் பிரிட்ஜைத் திறக்க முடியாது. குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தேன், தொண்டையில் ஊசி மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. இருபது வருஷம் தண்ணீரில் கிடந்தவளுக்குத் தண்ணீர் ஆகவில்லை. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

இரண்டு தடவை முடிந்தது. ஒரு நீள அறை, பத்து சாய்வு நாற்காலிகள், எனக்கு ஜன்னலோரம். நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருக்கும் சின்ன டப்பா வழியாக மருந்து இறங்குகிறது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது கழுத்தில் ஒரு பாட்டிலைத் தொங்கவிடுகிறார்கள். அதற்குள் மருந்து நிரம்பிய பலூன். இரண்டு நாளில் அது தானாகச் சுருங்கிக் காலியாகிவிடும். குளித்தாலும் படுத்தாலும் கூடவே இருக்கிறது. கைக்குழந்தைக்காரி மாதிரி அதைத் தாங்கிக்கொண்டு நடமாடுகிறேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்தவர். "நாப்பது வருஷமா ஆளுங்கள மேல அனுப்புறதுதான் என் தொழில். எனக்குத்தான் இன்னும் லிப்ட் வரல" என்றார். தையல் ஆறிவிட்டதால் தைரியமாகச் சிரித்தேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "நீங்க எதிர்நீச்சல் போடணும்." அண்ணி, எங்கள் குளத்தில் எதிர்நீச்சலே கிடையாது. ஓடுகிற தண்ணீரா அது? நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மிதப்பது, மூச்சை விடுவது, சுவரைத் தொட்டுத் திரும்புவது. இதை யாரிடமும் சொல்லவில்லை. பாவம், நல்ல மனசோடு சொல்கிறார்கள்.

மருந்து இறங்கும்போது கண் செருகிக்கொள்கிறது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் அறைக்குள் தண்ணீர் வருகிறது. வெதுவெதுவென்று, சத்தமில்லாமல், கதவிடுக்கு வழியாக. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்புகின்றன. லிப்ட்காரர் பேப்பர் படித்தபடியே ஜன்னல் உயரத்துக்கு மிதந்து போகிறார். நர்ஸ் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து வந்து எல்லாருடைய குழாயையும் சிக்கெடுத்துவிடுகிறாள். எனக்குப் பயமே இல்லை. யாருக்கும் நீந்தச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. கண் விழித்தால் தரை உலர்ந்து கிடக்கிறது, ஜன்னல் வெயில் நாற்காலியின் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது.

அண்ணன் டெஸ்ட் எடுத்துவிட்டாரா? நீங்கள் அதை எழுதவில்லை. 'உன் அண்ணன் மிகவும் விசாரித்தார்' என்று இரண்டு கடிதத்திலும் எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் முத்திரை ஏதாவது செய்து வைத்திருக்கிறீர்களா?

அது போகட்டும். இத்தனை வருஷம் வீம்பு பிடித்தது போதும் என்று அந்த நாற்காலியில் படுத்திருக்கும்போது தோன்றுகிறது. அண்ணனை நானும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபாலில் தொலைந்ததா, உடம்புக்கு ஏதாவதா? கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். விரல் மரத்துப் போகிறது. பேனா கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஐந்து தடவை முடிந்தது. ஆறாவது கொஞ்சம் தள்ளிப் போகிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூன் 24

அன்புள்ள வாத்துக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் அண்ணன் இந்த வீட்டில் இல்லை. போய்ப் பத்தொன்பது மாதம் ஆகிறது.

சண்டை இல்லை. இன்னொருத்தி இல்லை. உங்கள் அப்பா போன பிறகே அவர் பாதி ஆளாகத்தான் வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கயாவது போறீங்களா?" என்றேன். "ஆமா" என்றார். "எப்ப வருவீங்க?" என்றேன். மடிப்பதை நிறுத்தவே இல்லை. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று நினைத்தேன்.

உன் முதல் கடிதம் வந்ததும் அவருக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது செய்திக்கும் இல்லை. அவர் விசாரிக்கவில்லை வாத்து. நானாகத்தான் எழுதினேன். கேட்காத சத்தத்துக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு மே மாதம் உன் கடிதம் வந்தது, 'விசாரித்ததாகச் சொல்லவும்' என்று. ஐந்து வருஷத்துக்குப் பிறகு நீ விசாரித்திருக்கிறாய், சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அறை அறையாக நடந்தேன்.

பிறகு பழைய ரிப்போர்ட்டையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் போன பிறகு நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளைத்திருந்தார். சட்டைக் காலர் பெரிதாக நின்றது.

"மூணு தடவ மெசேஜ் அனுப்பினேனே."

"படிச்சேன்."

"படிச்சுட்டு?"

"என்ன எழுதறதுன்னு தெரியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார், "அவ என்னைய விசாரிச்சாளா?"

"உங்கள விசாரிக்கல. உங்க குடல விசாரிச்சா."

சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. நான் கடிதத்தைக் கொடுத்துக் கடைசி வரியைக் காட்டினேன். நின்றுகொண்டே வெகுநேரம் படித்தார். ஒரு வரிதான், அதற்கு அவ்வளவு நேரம்.

"அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றார். "டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். கால் எழும்பல. எல்லாம் முடிஞ்ச பிறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட பேசறது?"

"முதல்ல டெஸ்டுக்கு வாங்க. மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று சாது. இன்னொன்றை இரண்டு மூன்று வருஷம் விட்டிருந்தால் உன் கதைதான் என்றார் டாக்டர். இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ரிப்போர்ட் வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். டெஸ்ட் முடிந்த அன்று அவரை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் என் வீட்டுக்கு வந்தேன்.

இனி உனக்கு நான் என்ன முறை என்று எனக்கே தெரியவில்லை. நீ எழுதாமல் விட்டாலும் புரிந்துகொள்வேன். ஆறாவது ஏன் தள்ளிப் போகிறது? அதைமட்டும் சொல்.

(எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறேன்.)


ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. கையுறைகளைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன். கம்பளி என்பதால் சத்தமே வரவில்லை. எறிந்த திருப்திகூடக் கிடைக்கவில்லை. பிறகு பால் எடுக்க வேண்டியிருந்தது, பொறுக்கிப் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் மட்டுமா மறைத்தீர்கள்? ஆறாவது தள்ளிப் போகவில்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதுக்குப் போனபோது லிப்ட்காரர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். அவள் என் கையில் பிளட் பிரஷர் பட்டையைக் கட்டுவதில் மும்முரமானாள். அது ஏற்கெனவே கட்டியிருந்தது. அன்று கண்ணை மூடியபோது தண்ணீர் வரவே இல்லை. வெறும் அறை. அடுத்த வாரம் கண்ணாடி டம்ளர் ஒன்று கையில் இருப்பது தெரியாமலே நழுவி உடைந்தது. துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டு வரை போய்க் கடைசியில் காலியாகப்போகிற நாற்காலிக்கு இந்த விரல்களை ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "யோசிங்க, நான் காத்திருக்கேன்" என்றாள். உங்களுக்கு அந்தக் கோணல் கடிதம் எழுதியது அதற்கு மறுநாள்.

மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. மத்தியானங்களில் கூடத்துத் தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரைச்சீலை காற்றில் உப்பும், வற்றும். அது வீட்டின் நெஞ்சுக்கூடு மாதிரியும் நான் அதற்குள் ஏதோ உறுப்பு மாதிரியும் இருக்கும். வருத்தம் இல்லை, ஆசையும் இல்லை. அப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது.

அப்போது உங்கள் கடிதம் வந்தது. அண்ணனுடைய அந்த இன்னொரு முளையைப் பற்றிய இடத்தை எத்தனை தடவை படித்தேனோ. இவ்வளவு நாள் என் நோயை என் வீட்டுக்கு வந்த திருடன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெளியே போய் இன்னொரு கதவைத் தட்டி ஆளை எழுப்பியிருக்கிறது. இதனால் எனக்கு நோய்மேல் பாசம் வந்துவிடவில்லை. ஆனால் 'ஏன் எனக்கு' என்று அதனிடம் கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கும் பதில் தெரியாது, பாவம்.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "விரலுக்கு ஆகாத மருந்த நிறுத்திடலாம், மத்தது தொடரலாம். அதுக்கும் நல்ல பலன் இருக்கு. இத நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றாள். கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று முன்தினம் ஆறாவது முடிந்தது. பாட்டில் மடியில் இருக்கிறது.

என்ன முறை என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் போய்விட்டால் அண்ணியும் போய்விட வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்? நாத்தனார் என்றால் அண்ணியைப் படுத்தவேண்டும். ஐந்து வருஷப் பாக்கி இருக்கிறது. அவ்வளவு சுலபமாக உங்களை விடமாட்டேன்.

நீங்கள் அந்த வீட்டில் தனியாக என்ன செய்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? மறைக்காமல் எழுதவும்.

வாத்து


ஜூலை 30

அன்புள்ள வாத்துக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். முதல் மாதம் இரண்டு பேருக்குச் சமைத்தேன். பிறகு ஒருத்திக்கு. பிறகு நின்றுகொண்டே சாப்பிடப் பழகினேன். உன் கடிதம் வந்த அன்று ஒரு தட்டைக் கழுவித் துடைத்து, மேஜைக்கு முன் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு சுமார்தான்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து பஞ்சு அறையில் உட்காருவதில்லை. நேராக வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். ஹாரன், சிரிப்பு, யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் காதில் விழுகிறது. கனவிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கிறது.

கடைசித் தடவைக்கு நான் வரட்டுமா? கூட உட்காருவதற்கு மட்டும். உபதேசம் செய்ய மாட்டேன். யோசித்துச் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணிக்கு,

யோசிக்க என்ன இருக்கிறது? வாருங்கள். கடைசித் தடவை செப்டம்பர் முப்பதாம் தேதி. கூடத்துக் கட்டிலை உங்களுக்காக ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டேன். உடம்பு பரவாயில்லை. வாயில் புண், காலில் இன்னும் மரப்பு, தலைமுடி பாதி. விரல்கள் மெதுவாகத் திரும்பி வருகின்றன. நேற்று பொத்தானைப் பார்க்காமலே சட்டை போட்டுக்கொண்டேன்.

ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். மணி அடித்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அதனால்தான் எடுத்தேனோ என்னவோ.

"வாத்து" என்றார். அங்கே ஏதோ பாலத்தில் நின்றிருந்தார் போல, வண்டிகள் போகும் அதிர்வு கேட்டது. ரொம்ப நேரம் அந்தப் பாலத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சொல்லுண்ணா."

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"எனக்கு ரெண்டு எடுத்தாங்க."

"தெரியும். அண்ணி எழுதினாங்க."

"அப்பாவுக்கு நான் வந்திருக்கணும்."

'பரவாயில்லை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோய்க்காரிக்கு எல்லாரையும் மன்னித்துவிடும் அவசரம் இருக்கும் போல. ஆனால் பொய்யாகிவிடும் என்று பட்டது.

"ஆமா, வந்திருக்கணும்" என்றேன்.

அவர் அழுதார். நான் அழவில்லை. அந்த 'ஆமா'வுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. "வரட்டுமா?" என்றார். "இப்ப வேண்டாம். முதல்ல பேசிப் பழகுவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடு" என்றேன்.

உங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது உங்கள் இரண்டு பேர் விஷயம். நான் எந்தப் பக்கமும் தூது போகமாட்டேன்.

வரும்போது உங்கள் பழைய போட்டோக்கள் இருந்தால் எடுத்து வாருங்கள். மருந்து மயக்கத்தில் சில வருஷங்கள் எனக்கு மங்கலாகத் தெரிகின்றன.

வாத்து


செப்டம்பர் 12

அன்புள்ள வாத்துக்கு,

இருபத்தாறாம் தேதி வருகிறேன். நான்கு வாரம் லீவு கிடைத்துவிட்டது. "என்ன காரணம்?" என்று கேட்டார்கள். "நாத்தனார்" என்றேன். பெரிய சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள் போல, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அழைத்துப்போக வராதே. நானே வீட்டைக் கண்டுபிடித்து வருவேன்.

அண்ணி


நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. கூடத்துக் கட்டிலை இன்னும் நகர்த்தவில்லை. நான்கு வாரம் பேசிப் பேசி எழுதுவதே மறந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

அந்த நாள்களை நினைத்தால் எது நடந்தது, எதைக் கனவு கண்டேன் என்று பிரிக்க முடியவில்லை. கடைசி மருந்து இறங்கியபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோக்களை ஒவ்வொன்றாக என் போர்வையில் பரப்பினீர்கள். எனக்குக் கண் செருகியது. போட்டோக்கள் போர்வையை விட்டு மெல்லக் கிளம்பி அறையெல்லாம் சுற்றின. உங்கள் கல்யாணத்தில் நான் கோணலாகப் பூமாலை பிடித்து நிற்கும் படம் நர்ஸின் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. கண் விழித்தபோது நீங்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். துணைக்கு வந்தவர் குறட்டை, நோயாளி விழிப்பு. நர்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இனி விஷயம். ஸ்கேன் ரிப்போர்ட் இன்று வந்தது. "இப்போதைக்கு எதுவும் தெரியல. நல்லா இருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றாள் டாக்டரம்மா.

"போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"அப்படி இப்பச் சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷம் பாக்கணும். ஆனா இன்னிக்கு நல்ல நாள்."

பிப்ரவரியில் இதைக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். முழு உத்தரவாதம் கொடு, இல்லையென்றால் விடமாட்டேன் என்று. இன்றைக்கு, மூன்று மாதம் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் தொண்ணூறு காலை இருக்கிறது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தேன். ஒரு பெண் கண்ணாடிக் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்து என் செருப்பைத் தொட்டது. காலை எடுக்கவில்லை.

இன்னொன்று. ஸ்கேனுக்கு முன்னால் முன் மேஜைப் பெண் என் பழைய படிவத்தைப் புரட்டினாள். ஒரு கட்டம் காலியாகவே இருந்திருக்கிறது.

"அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு நீங்க எழுதவே இல்லையே?"

"எங்க அண்ணிக்கு."

"அண்ணன் பேரு போடட்டுமா?"

"இல்ல. அண்ணி பேரு."

உங்கள் நம்பரைச் சொன்னேன். அவள் பாதியில் பேனாவை நிறுத்தினாள்.

"இது ரொம்பத் தூரமாச்சே. அவசரத்துக்கு எப்படி வருவாங்க?"

"வந்துடுவாங்க" என்றேன்.

அடுத்த ஸ்கேன் பிப்ரவரிக் கடைசியில். இப்போதே லீவு சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
வாத்து